கமலா ஹாரிஸின் கலிபோர்னியாக் கோப்பு: அட்டர்னி ஜெனரல் பதவி எப்படி ஏற்றிவிடும், எப்படி இறக்கிவிடும்

கமலா ஹாரிஸ் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி துளசேந்திரபுரத்தோடு நின்றுவிடுகிறது. தாத்தா பி.வி. கோபாலனின் பூர்வீகம், தர்மசாஸ்தா கோயில் கல்வெட்டில் நன்கொடையாளர் வரிசையில் கமலாவின் பெயர், தேர்தல் நாள் பூசை எல்லாம் நமக்கு அத்துப்படி. ஆனால் அவரை வெள்ளை மாளிகையின் வாசல்வரை கொண்டுபோனதும், வழியில் ஒருமுறை காலை வாரிவிட்டதும் 2011 முதல் 2017 தொடக்கம்வரை அவர் வகித்த கலிபோர்னியா அட்டர்னி ஜெனரல் பதவிதான். அந்த ஆறு ஆண்டுகளைப் பற்றி இங்கே எழுதியவர்கள் குறைவு.

முதலில் பதவியைப் பார்த்துவிடலாம். நம் ஊர் அட்வகேட் ஜெனரலோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தமிழ்நாட்டின் அரசுத் தலைமை வழக்கறிஞரை அரசியலமைப்பின் 165-வது பிரிவின்படி ஆளுநர் நியமிக்கிறார். ஆட்சி மாறினால் அவரும் மாறுவார். அமெரிக்காவில் 43 மாநிலங்களில் மக்களே வாக்களித்து அட்டர்னி ஜெனரலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆகவே ஆளுநரை எதிர்த்துக்கொண்டும் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம். கலிபோர்னியாவில் நான்கு ஆண்டுப் பதவிக்காலம், அதிகபட்சம் இரண்டு முறை. தேர்தலுக்கு முன் ஐந்து ஆண்டுகளாவது அம்மாநில உச்ச நீதிமன்றத்தில் வழக்காடும் தகுதி பெற்றிருக்க வேண்டும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வழக்கறிஞர்களைக் கொண்ட துறை அவருக்குக் கீழே வரும்.

வேலை இரண்டு வகை. ஒன்று, அவராகத் தேடிப் போடும் வழக்குகள்: ஏமாற்றும் வங்கி, போலிக் கல்லூரி, மாசுபடுத்தும் ஆலை. மற்றொன்று, வேறு வழியில்லாமல் நடத்த வேண்டிய வழக்குகள்: மாநிலத்தின் சட்டத்தை யாராவது எதிர்த்தால், மாநிலச் சிறைத்துறையை யாராவது நீதிமன்றத்துக்கு இழுத்தால், அரசுத் தரப்பில் இவர் அலுவலகம்தான் நிற்க வேண்டும். முதல் வகை தேர்தலில் ஜெயிக்க வைக்கும். இரண்டாவது வகை கோப்பில் படுத்துக் கிடந்து, சில ஆண்டுகள் கழித்து எதிராளியின் கையில் கிடைக்கும். கமலாவின் கதை கிட்டத்தட்ட முழுக்கவும் இந்த இரண்டுக்கும் இடையிலான இழுபறிதான்.

மேலே போகும் ஏணி என்று இந்தப் பதவியைச் சொல்வது வழக்கம். கலிபோர்னியாவில் அது பாதி உண்மை. ஏர்ல் வாரன், பேட் பிரௌன், ஜார்ஜ் டியூக்மேஜியன் மூவரும் அட்டர்னி ஜெனரலாக இருந்து நேரே ஆளுநர் ஆனார்கள். 2007 முதல் 2011 வரை அதே நாற்காலியில் இருந்த ஜெர்ரி பிரௌனும் ஆளுநராகத் திரும்பிப் போனார். ஆனால் ஈவெல் யங்கர் 1978-லும் டேன் லங்ரன் 1998-லும் ஆளுநர் தேர்தலில் தோற்றார்கள். ஜான் வான் டி காம்ப் 1990-ல் சொந்தக் கட்சியின் முதற்கட்டத் தேர்தலையே தாண்டவில்லை.

கமலா இந்த ஏணியில் கால் வைத்ததே மயிரிழையில். அதற்கு முன் அவர் சான் பிரான்சிஸ்கோவின் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி, அதாவது அந்த மாவட்டத்துக்கு மக்கள் தேர்ந்தெடுத்த தலைமை அரசு வழக்கறிஞர். 2004 ஜனவரியில் பதவியேற்றார். அதே ஏப்ரலில் ஐசக் எஸ்பினோசா என்ற இளம் காவலர் பணியில் சுட்டுக் கொல்லப்பட்டார். மரண தண்டனை கேட்க மாட்டேன் என்பது கமலாவின் தேர்தல் வாக்குறுதி. சில நாள்களிலேயே, காவலரின் இறுதிச் சடங்குகூட முடியாத நிலையில், கேட்கப்போவதில்லை என்று அறிவித்துவிட்டார். சடங்கில் பேசிய செனட்டர் டயேன் ஃபைன்ஸ்டைன், இதற்கு மரண தண்டனைதான் சரி என்று மேடையிலேயே சொல்ல, கூடியிருந்த காவலர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். முடிவை மாற்ற வேண்டியதில்லை; ஒரு வாரம் பொறுத்திருந்தால் போதும் என்பது அப்போதே பலர் சொன்னது. அந்த அவசரத்துக்கான விலையைப் பல ஆண்டுகள் கொடுத்தார்.

2010-ல் எதிரணியில் நின்றவர் லாஸ் ஏஞ்சல்ஸின் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி ஸ்டீவ் கூலி. குடியரசுக் கட்சிக்காரர், அனுபவசாலி, காவலர் சங்கங்களின் ஆதரவு அவர் பக்கம். எஸ்பினோசா விவகாரத்தை வைத்து குடியரசுக் கட்சி சார்பு அமைப்பு ஒன்று பெரும் செலவில் தொலைக்காட்சி விளம்பரங்களை ஓட்டியது. போதாக்குறைக்கு, அந்த ஆண்டுதான் சான் பிரான்சிஸ்கோ போலீஸ் ஆய்வகத்தில் பணிபுரிந்த ஒருவர் சான்றாக வைத்திருந்த போதைப்பொருளையே எடுத்துப் பயன்படுத்திய விவகாரம் வெடித்தது. நூற்றுக்கணக்கான வழக்குகளைக் கைவிட வேண்டியதாயிற்று. ஆய்வகச் சிக்கலைப் பிரதிவாதிகளிடம் உரிய முறையில் தெரிவிக்கவில்லை என்று கமலாவின் அலுவலகத்தை ஒரு நீதிபதி கடிந்துகொண்டார்.

அவரைக் காப்பாற்றியது எதிராளியின் வாய். 2010 அக்டோபரில் நடந்த ஒரே விவாதத்தில், பதவிக்கு வந்தால் மாவட்டப் பணிக்கான ஓய்வூதியம், அட்டர்னி ஜெனரல் சம்பளம் இரண்டையும் வாங்குவீர்களா என்று கூலியிடம் கேட்டார்கள். ஆமாம், உழைத்துச் சம்பாதித்தது, அந்தப் பதவிக்கான சம்பளம் மிகக் குறைவு என்றார். அந்தச் சம்பளம் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,50,000 டாலர். மாநிலம் முழுக்க வேலையிழப்பும் வீடு ஜப்தியும் நடந்துகொண்டிருந்த நேரம். கமலா தரப்பு அந்தத் துண்டை அப்படியே வெட்டி விளம்பரமாக ஓட்டியது. தேர்தல் இரவில் கூலி வெற்றி உரையே நிகழ்த்திவிட்டார். ஆனால் கலிபோர்னியாவில் தபால் வாக்குகளையும் சரிபார்க்க வேண்டிய தற்காலிக வாக்குகளையும் எண்ணி முடிக்க வாரக்கணக்கில் ஆகும். தேர்தல் நாளுக்குப் பின்னும் எண்ணப்படாமல் இருந்தவை லட்சக்கணக்கில். மூன்று வாரம் கழித்து கூலி தோல்வியை ஒப்புக்கொண்டார். 90 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் வித்தியாசம் ஏறத்தாழ 74,000. கூலி சொந்த லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டத்திலேயே பின்தங்கியிருந்தார். (அந்தத் தேர்தலுக்காகச் சென்னையில் கமலாவின் சித்தி பிள்ளையாருக்கு 108 தேங்காய் உடைத்தார் என்பது பின்னாளில் அமெரிக்கப் பத்திரிகைகளில் வந்த செய்தி. வித்தியாசத்தைப் பார்த்தால் ஒன்றுகூட வீணாகவில்லை போலிருக்கிறது.)

பதவிக்கு வந்ததும் கிடைத்த பெரிய வழக்கு வீட்டுக் கடன். 2008 நெருக்கடிக்குப் பின் வங்கிகள் வீடுகளை ஜப்தி செய்த வேகத்தில், ஆவணங்களைப் படிக்காமலே ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்டது 2010-ல் அம்பலமானது. 50 மாநிலங்களின் அட்டர்னி ஜெனரல்களும் மத்திய அரசும் சேர்ந்து பேங்க் ஆஃப் அமெரிக்கா, ஜேபி மார்கன் சேஸ், வெல்ஸ் ஃபார்கோ, சிட்டிகுரூப், அல்லி ஆகிய ஐந்து நிறுவனங்களோடு சமரசம் பேசினார்கள். வங்கிகள் பணத்துக்குப் பதிலாகக் கேட்டது, இனி இந்த விஷயத்தில் எங்கள்மேல் வழக்கு வராது என்ற விடுவிப்பு. பேரம் முழுக்க அந்த விடுவிப்பு எவ்வளவு அகலம் என்பதில்தான்.

2011 செப்டம்பர் 30 அன்று கமலா பேச்சிலிருந்து வெளியேறினார். இதில் துணிச்சல் உண்டு, கணக்கும் உண்டு. ஜப்தி அதிகம் நடந்த மாநிலங்களில் கலிபோர்னியா முன்வரிசை. அது இல்லாமல் ஒப்பந்தம் போட்டால் வங்கிகளுக்கு நிம்மதி கிடைக்காது. தனியாக நின்று வழக்குப் போட்டால் ஆண்டுக்கணக்கில் இழுக்கும், அதற்குள் வீடுகள் போய்விடும் என்பது மறுபக்கம். 2012 பிப்ரவரியில் ஒக்லஹோமா நீங்கலாக 49 மாநிலங்கள் ஏற்ற ஒப்பந்தம் 2,500 கோடி டாலர் மதிப்பில் அறிவிக்கப்பட்டது. கலிபோர்னியாவுக்கு முதலில் 200 முதல் 400 கோடி டாலர்தான் வரும் நிலை இருந்தது என்றும், கடைசியில் 1,800 கோடி டாலர் அளவுக்கு வாங்கியதாகவும் கமலா தரப்பு சொன்னது. அதில் 1,200 கோடி டாலர் நிவாரணத்துக்கு வங்கிகளின் தனி உத்தரவாதம், தவறினால் அபராதம். கண்காணிக்கச் சட்டப் பேராசிரியர் கேட்டி போர்ட்டர் நியமிக்கப்பட்டார். அவரும் பிற்பாடு அமெரிக்கக் காங்கிரஸுக்குப் போனார்.

இந்த எண்ணைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1,800 கோடி என்பது மக்கள் கைக்கு வந்த ரொக்கம் அன்று. கடன் அசலைக் குறைத்தால் ஒரு கணக்கு. வீட்டைக் கடனைவிடக் குறைந்த விலைக்கு விற்கவிட்டு மீதியைத் தள்ளுபடி செய்தால் அதுவும் நிவாரணக் கணக்கு. இரண்டாவதில் கடன் தீரும், வீடு போய்விடும். நிவாரணத்தின் கணிசமான பங்கு அந்த வகையில்தான் போனது. ஏற்கெனவே வீட்டை இழந்தவர்களுக்கு வந்த காசோலை ஏறத்தாழ 1,480 டாலர். மாநில அரசுக்கு நேரடியாக வந்த ஏறத்தாழ 41 கோடி டாலரை ஆளுநர் பிரௌன் பட்ஜெட் பற்றாக்குறைக்குத் திருப்பினார். அதில் 33 கோடி டாலருக்கு மேல் திரும்ப வைக்க வேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது கமலா மாநில அரசியலை விட்டே போயிருந்தார்.

என் கணிப்பில், ஒப்பந்தத்தைவிட உருப்படியானது அதையடுத்து அவர் முன்னின்று கொண்டுவந்த வீட்டு உரிமையாளர் சட்டத் தொகுப்பு. 2012 ஜூலையில் கையெழுத்தாகி 2013 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. கடன் தவணையை மாற்றித் தரும்படி கொடுத்த மனு பரிசீலனையில் இருக்கும்போதே மறுபக்கம் ஜப்தி வேலையைத் தொடரக் கூடாது; வங்கியில் கடன்காரர் பேச ஒரே தொடர்பாளர் இருக்க வேண்டும்; சரிபார்க்காத ஆவணங்களைத் தொடர்ந்து தாக்கல் செய்தால் ஒரு கடனுக்கு 7,500 டாலர்வரை அபராதம். ஒப்பந்தம் ஐந்து நிறுவனங்களைக் கட்டுப்படுத்தியது. சட்டம் அதைத் தாண்டியது.

இதே வீட்டுக் கடன் விவகாரத்தின் இன்னொரு ஏடுதான் ஒன்வெஸ்ட் வங்கி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட விதிமீறல்களைக் கண்டதாகவும் வழக்குப் போட வேண்டும் என்றும் அவருடைய துறை வழக்கறிஞர்களே 2013-ல் குறிப்பு எழுதினார்கள். வழக்குப் போடப்படவில்லை. அந்த வங்கியின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஸ்டீவன் முனூச்சினை டிரம்ப் நிதியமைச்சராக்க முன்மொழிந்தபோது, 2017 ஜனவரியில் அந்தக் குறிப்பு கசிந்தது. கமலா அப்போது புதிய செனட்டர். முனூச்சினுக்கு எதிராகத்தான் வாக்களித்தார். ஆனால் அவரது செனட் பிரசாரத்துக்கு முனூச்சின் 2,000 டாலர் கொடுத்திருந்ததும் கூடவே வெளியே வந்தது. தேசிய அளவிலான வங்கிகளிடம் ஆவணம் கேட்டு மாநில அரசு சம்மன் அனுப்புவதில் சட்டத் தடைகள் உண்டு என்பது நியாயமான வாதம். குறிப்பிலேயே அந்தத் தடை பேசப்படுகிறது. சான்றுகளைப் பின்பற்றியே முடிவெடுத்தோம் என்று பொதுவாகச் சொன்னதோடு அவர் நிறுத்திக்கொண்டதால் அந்த வாதம் யார் காதிலும் விழவில்லை.

இனி, தானாக வந்து சேர்ந்த வழக்குகள். கலிபோர்னிய நீதிமன்ற மனுத்தாளுக்கு ஒரு வடிவம் உண்டு. இடது ஓரத்தில் ஒன்று முதல் 28 வரை வரிசை எண். முதல் வரியில், இடது மேல் மூலையில், வழக்கறிஞர் பெயர். அரசுத் தரப்பு மனு என்றால் அங்கே முதலில் வருவது அட்டர்னி ஜெனரலின் பெயர். அதற்குக் கீழே மேற்பார்வை அதிகாரி. அதற்கும் கீழேதான் மனுவை உண்மையில் எழுதிய துணை வழக்கறிஞர். ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் போகும் இந்தத் தாள்களில் தலைவர் படித்துப் பார்ப்பவை சொற்பம். பெயர் மட்டும் எல்லாவற்றிலும் இருக்கும்.

சிறை வழக்கில் நடந்தது இதுதான். சிறைகளில் கைதிகளின் எண்ணிக்கையைக் கொள்ளளவில் 137.5 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்ற உத்தரவை 2011 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அதை நிறைவேற்றுவதில் மாநிலம் இழுத்தடித்தது. சிலரைச் சீக்கிரம் விடுவிக்கும் சலுகையை விரிவாக்கினால் கைதிகளைக் கொண்டு காட்டுத்தீ அணைக்கும் முகாம்களுக்கு ஆள் கிடைக்காது என்று 2014-ல் அவருடைய துறை வழக்கறிஞர்கள் எழுதிக் கொடுத்தார்கள். செய்தி வெளிவந்ததும், பத்திரிகையைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன், அதிர்ந்துபோனேன் என்றார் கமலா. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் மேல் மூலையில் இருந்தது அவர் பெயர்.

மரண தண்டனையில் இன்னும் சிக்கல். 2014 ஜூலையில் மத்திய நீதிபதி கார்மக் கார்னி, கலிபோர்னியாவின் மரண தண்டனை நடைமுறை அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். தன் சொந்தக் கொள்கைக்கு ஒத்த அந்தத் தீர்ப்பை எதிர்த்துக் கமலா மேல்முறையீடு செய்தார். மாநிலச் சட்டத்துக்காக நிற்பது என் கடமை என்பது விளக்கம். அப்படியானால் தன்பாலினத் திருமணத்தைத் தடைசெய்த எட்டாம் முன்மொழிவுக்காக ஏன் நிற்கவில்லை என்பது எதிர்க்கேள்வி. அதுவும் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய சட்டம்தான். அதற்காக வாதாட அவரும், அவருக்கு முன்பிருந்த ஜெர்ரி பிரௌனும் மறுத்தார்கள். விளைவு சாதாரணமானதில்லை. அந்தத் தடை செல்லாது என்று கீழ் நீதிமன்றம் சொன்ன பின், அரசு வராததால் முன்மொழிவைக் கொண்டுவந்தவர்களே உச்ச நீதிமன்றம்வரை போனார்கள். மேல்முறையீடு செய்ய உங்களுக்குத் தகுதி இல்லை என்று 2013 ஜூன் 26 அன்று நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. இரண்டு நாள் கழித்து, மறுபடி அனுமதிக்கப்பட்ட முதல் திருமணத்தைச் சான் பிரான்சிஸ்கோ நகர மன்றக் கட்டடத்தில் கமலாவே நடத்திவைத்தார். ஆக, அட்டர்னி ஜெனரல் வராமல் இருந்தாலே ஒரு சட்டம் சாகும். இந்த அதிகாரம் கையில் இருந்தது என்று ஊருக்கே தெரிந்த பின், மரண தண்டனையில் மட்டும் கை கட்டப்பட்டிருந்தது என்ற விளக்கம் எடுபடவில்லை.

வெளியே அதிகம் பேசப்படாத இன்னொரு அதிகாரம், மக்களின் நேரடி வாக்கெடுப்புக்கு வரும் முன்மொழிவுகளுக்குத் தலைப்பு எழுதுவது. வாக்குச்சீட்டில் வரும் 75 சொல் வாசகத்தையும் கையேட்டில் வரும் 100 சொல் சுருக்கத்தையும் அட்டர்னி ஜெனரல்தான் எழுதுவார். பெரும்பாலான வாக்காளர் படிப்பது அவ்வளவுதான். அப்பட்டமாகப் பொய்யாக இருந்தாலொழிய நீதிமன்றங்கள் அதில் கை வைப்பதில்லை. அரசு ஊழியர் ஓய்வூதியத்தைக் குறைக்க 2012-ல் முயன்ற குழு, கமலா எழுதிய தலைப்பு பாதகமாக இருப்பதாகச் சொல்லி முயற்சியையே கைவிட்டது. இந்தப் பணியையே அவர் கேடயமாகவும் பயன்படுத்தினார். 2014-ல் சிறு குற்றங்களுக்குத் தண்டனையைக் குறைத்த 47-வது முன்மொழிவு பற்றிக் கேட்டால், தலைப்பு எழுதுபவர் பக்கம் சேரக் கூடாது என்று நழுவினார். ஜெர்ரி பிரௌன் அட்டர்னி ஜெனரலாக இருந்தபோது அப்படி வாயைக் கட்டிக்கொண்டவர் இல்லை.

2015 ஜனவரி 8 அன்று செனட்டர் பார்பரா பாக்ஸர் மீண்டும் நிற்கப்போவதில்லை என்று அறிவித்தார். 12-ஆம் தேதி, அப்போதைய துணை ஆளுநர் கேவின் நியூசம் தான் போட்டியில் இல்லை என்றார். 13-ஆம் தேதி கமலா களத்தில் இறங்கினார். கமலாவுக்கும் நியூசமுக்கும் ஒரே தேர்தல் ஆலோசனை நிறுவனம் என்பதை நினைவில் வைத்தால் இந்தத் தேதி வரிசை வியப்பளிக்காது. மாநிலத் தேர்தலுக்குத் திரட்டிய பணத்தை மத்தியத் தேர்தல் கணக்குக்கு மாற்ற அமெரிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. அப்போதைய வரம்பான ஒருவருக்கு 2,700 டாலர் என்ற கணக்கில் நன்கொடையை முதலிலிருந்து திரட்ட வேண்டும். மாநிலத்தில் இருந்து மேலே போகிறவர்கள் முந்திக்கொண்டு அறிவிப்பதற்கு இது ஒரு காரணம். கட்சி பாராமல் முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் நவம்பரில் மோதுவது அப்போதைய கலிபோர்னிய முறை. 2016 ஜூன் முதற்கட்டத்தில் அந்த இரண்டு இடங்களும் ஜனநாயகக் கட்சிக்கே போயின. அதனால் நவம்பரில் எதிரே நின்றது அதே கட்சியின் லொரெட்டா சான்செஸ். கமலா 61 விழுக்காட்டுக்கு மேல் வாங்கினார்.

தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பு, பாலியல் விளம்பரத் தளமான பேக்பேஜின் தலைமை அதிகாரியைக் கைது செய்யவைத்தார். டிசம்பரில் நீதிபதி அந்தக் குற்றச்சாட்டுகளைத் தள்ளுபடி செய்தார். பிறர் போடும் பதிவுகளுக்கு இணையத்தளம் பொறுப்பாகாது என்ற மத்தியச் சட்டம் குறுக்கே நின்றது. பதவியை விட்டுப் போகும் முன், அதே மாதம், பணமோசடிக் குற்றச்சாட்டுகளோடு புதிதாக வழக்குப் போட்டார். மாணவர்களை ஏமாற்றியதாகச் சொல்லி, லாபத்துக்கு நடந்த கொரிந்தியன் கல்லூரிகள் மீது போட்ட வழக்கோ வேறு கதை. 2013-ல் போட்டார், 2016 மார்ச்சில் 110 கோடி டாலருக்குத் தீர்ப்பு வந்தது, ஆனால் நிறுவனம் முந்தைய ஆண்டே திவால். வசூலிக்க எதுவும் இல்லை. மாணவர்களுக்கு உண்மையான பலன் கிடைத்தது 2022 ஜூனில், அமெரிக்கக் கல்வித்துறை 5,60,000 பேரின் 580 கோடி டாலர் கடனை ரத்து செய்தபோது. அதை அறிவித்தவர் துணை அதிபராகியிருந்த கமலா.

செனட்டுக்கு உதவிய கோப்பு 2019-ல் திரும்பி அடித்தது. ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் போட்டியில் வாக்களிப்பவர்கள், காவல்துறையின் வன்முறையையும் நெரிசலான சிறைகளையும் பற்றிச் சில ஆண்டுகளாகவே பேசிக்கொண்டிருந்தவர்கள். ஜூலை 31 விவாதத்தில் சக போட்டியாளர் துளசி கப்பார்ட் ஒரே மூச்சில், கஞ்சா வழக்குகளில் பலரைச் சிறைக்கு அனுப்பினார், மரண தண்டனைக் கைதியை விடுவிக்கக்கூடிய சான்றைத் தடுத்தார், கைதிகளை மலிவு உழைப்புக்காகச் சிறையில் வைத்திருந்தார் என்று அடுக்கினார். கஞ்சா வழக்குகளில் பெரும்பாலானவற்றை நடத்துவது 58 மாவட்டங்களின் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னிகள். அட்டர்னி ஜெனரல் அல்ல. ஆனால் அதை விளக்க ஒரு நிமிடம் வேண்டும், குற்றஞ்சாட்டப் பத்து நொடி போதும். பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்கு 2,000 டாலர் அபராதம் அல்லது ஓராண்டுச் சிறைவரை விதிக்கலாம் என்ற சட்டமும் அப்படித்தான். அதை ஆதரித்துக் கொண்டுவர வைத்தவர் கமலா. அதன்படி பெற்றோரைக் கைவிலங்கு மாட்டி அழைத்துப் போனவர்கள் வேறு மாவட்ட அதிகாரிகள். அதற்காக அவர் வருத்தம் தெரிவித்தார். 2019 டிசம்பர் 3 அன்று, முதல் வாக்கு விழும் முன்பே, போட்டியிலிருந்து விலகினார்.

2020-ல் ஜோ பைடன் அவரைத் துணை அதிபர் வேட்பாளராகத் தேர்ந்ததிலும் இந்தப் பதவிக்குப் பங்கு உண்டு. வங்கிப் பேச்சின்போது அதே மாதிரி முரண்டுபிடித்தவர்களில் ஒருவர் டெலவேர் அட்டர்னி ஜெனரல் போ பைடன், ஜோவின் மூத்த மகன். அப்போது கமலாவுக்கு நண்பரான அவர் 2015-ல் இறந்தார். 2024 ஜூலையில் வேட்பாளரானதும் கமலா மறுபடி பழைய கோப்பையே பிரித்தார். இம்முறை எதிரே நின்றவர் குற்றவாளி எனத் தீர்ப்பான டிரம்ப் என்பதால் அரசு வழக்கறிஞர் வேடம் கச்சிதமாகப் பொருந்தியது. அதே டிரம்ப் 2011-லும் 2013-லும் அவரது அட்டர்னி ஜெனரல் பிரசாரத்துக்கு மொத்தம் 6,000 டாலர் கொடுத்தவர் என்பதையும், கமலா அதைப் பிறகு தொண்டு அமைப்புக்குக் கொடுத்துவிட்டதையும் செய்தியாளர்கள் நினைவூட்டினார்கள். அந்தத் தேர்தலில் கமலா தோற்றார். 2025 ஜூலையில், கலிபோர்னியா ஆளுநர் தேர்தலுக்கு நிற்கப்போவதில்லை என்றும் அறிவித்தார்.

2017 ஜனவரியில் அவர் விட்டுப்போன மீதிக் காலத்துக்கு ஆளுநர் பிரௌன் நியமித்தவர் சேவியர் பெசெரா. இவர் பாதை வேறு. வங்கிகளைத் துரத்தவில்லை, டிரம்ப் நிர்வாகத்தின் மீது நான்கு ஆண்டில் நூற்றுக்கும் மேற்பட்ட வழக்குகளைப் போட்டார். ஒபாமா காலத்தில் டெக்சஸ் அட்டர்னி ஜெனரல் கிரெக் அபட் செய்து காட்டி ஆளுநரானது இந்த வழிதான். மத்திய அரசாணை ஒன்றை எதிர்த்து மனுப் போட ஆண்டுக்கணக்கில் விசாரணை நடத்த வேண்டாம், சாட்சி தேட வேண்டாம், வங்கியிடம் ஆவணம் கேட்டுக் காத்திருக்க வேண்டாம். ஆணை வந்த வாரமே போடலாம். சொந்தக் கட்சிக்காரர் யாரும் அதற்காகப் பின்னாளில் குறுக்கு விசாரணை செய்யவும் மாட்டார்கள். பெசெரா 2021-ல் பைடனின் சுகாதார அமைச்சரானார். கமலா ஒதுங்கிய அதே ஆளுநர் தேர்தலுக்கு, அவர் ஒதுங்குவதற்கு முன்பே, 2025 ஏப்ரலில் தன் பெயரை அறிவித்துவிட்டார்.